ஆர்சனலின் 2025 கோடை வரவுகள்: ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2025 கோடையில் லண்டன் கிளப்பான ஆர்சனல் வாங்கிய எட்டுப் பேரைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும், இப்போதுதான் கால்பந்து பார்க்கத் தொடங்கியவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அந்த நவம்பர் இறுதிவரை நடந்ததை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் ஆர்சனல் ரசிகன். அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்கு வராது.

யார் யார் வந்தார்கள்?

வந்த வரிசையிலேயே சொல்கிறேன். ஜூலை 1 அன்று செல்சீயிலிருந்து கோல்கீப்பர் கெபா. அடுத்து ரியல் சோசியேதாதின் மிட்ஃபீல்டர் மார்ட்டின் சுபிமெண்டி, பிரென்ட்ஃபோர்டின் கேப்டன் கிறிஸ்டியன் நோர்கார்ட், செல்சீயின் விங்கர் நோனி மடுவேக்கே, வலென்சியாவின் டிஃபெண்டர் மொஸ்கேரா. ஜூலை 26 அன்று ஸ்போர்ட்டிங் லிஸ்பனிலிருந்து ஸ்ட்ரைக்கர் விக்டர் யோகெரெஸ். ஆகஸ்ட் 23 அன்று கிறிஸ்டல் பேலஸின் எபெரேச்சி எஸே. டிரான்ஸ்ஃபர் கெடு முடிந்த செப்டம்பர் 1 அன்று லெவர்குசனிலிருந்து லோனில் (கடனாக) டிஃபெண்டர் பியேரோ இன்காபியே. எல்லாம் சேர்த்துச் சுமார் 250 மில்லியன் பவுண்டு.

ஒரே கோடையில் இத்தனை பேர் எதற்கு?

அதற்கு முந்தைய குளிர்காலத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். 2024 டிசம்பரில் எங்கள் வலது விங்கர் புகாயோ சாகாவுக்குத் தொடைத் தசை கிழிந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆடவில்லை. ஜனவரியில் ஸ்ட்ரைக்கர் கேப்ரியல் ஜீசஸுக்கு முழங்கால் போனது. அந்த ஜனவரி முழுக்க ஒரு ஸ்ட்ரைக்கராவது வாங்குங்கள் என்று ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். கிளப் ஒருவரையும் வாங்கவில்லை. பிப்ரவரியில் துபாயில் பயிற்சியின்போது காய் ஹாவெர்ட்ஸும் விழுந்தார். அதுவரை அணியில் அதிக கோல் அடித்திருந்தவர் அவர்தான். கடைசியில் மிட்ஃபீல்டரான மிக்கேல் மெரினோவை முன்னால் நிறுத்தி ஆட வேண்டியதாயிற்று. லெஸ்டருக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக வந்து இரண்டு கோல் அடித்து அவரும் காப்பாற்றினார். ஆனால் எத்தனை நாள் அப்படி ஓட்டுவது?

அந்த சீசனில் லீக்கில் தோற்றது நான்கே ஆட்டம், டிரா ஆனது 14. கிடைத்தது 74 புள்ளி. லிவர்பூல் 84 புள்ளியோடு கோப்பையைத் தூக்கியது. தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக இரண்டாம் இடம். அதற்கு முன் ஆர்சனல் கடைசியாக லீக்கை வென்றது 2003-04இல், ஒரு தோல்விகூட இல்லாமல். அன்று பிறந்த குழந்தைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள். இந்த ஏக்கம் தெரிந்தால்தான் அந்தக் கோடையில் ரசிகர்கள் கோபப்பட்டதும் கொண்டாடியதும் புரியும். 2025 மார்ச்சில் ஆண்ட்ரியா பெர்த்தா விளையாட்டு இயக்குநராக வந்தபோது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை என்ன என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மடுவேக்கேவை ஏன் அவ்வளவு எதிர்த்தார்கள்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். அவர் வருகிறார் என்ற செய்தி வந்ததுமே ‘மடுவேக்கே வேண்டாம்’ என்று இணையத்தில் ஒரு மனு கிளம்பியது. அதில் 5,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். எமிரேட்ஸ் மைதானத்துக்கு அருகே சுவரில் பெயின்ட்டால் கிறுக்கினார்கள். அப்போது அவர் ஆர்சனலுக்காக ஒரு பந்தைக்கூட உதைத்திருக்கவில்லை.

காரணங்கள் பல. முதலாவது செல்சீ. பெட்ர் செக், டேவிட் லூயிஸ், வில்லியன், ஜொர்ஜின்யோ, ஹாவெர்ட்ஸ் என்று ஆர்சனல் பல ஆண்டுகளாக செல்சீயிலிருந்து ஆள் எடுத்துக்கொண்டே இருக்கிறது. முந்தைய ஆண்டு அங்கிருந்து லோனில் வந்த ரஹீம் ஸ்டெர்லிங்கின் ஆட்டம் எடுபடவே இல்லை. அந்தக் கசப்பு ஆறுவதற்குள் அதே கிளப்பிலிருந்து கெபா வந்தார், அடுத்து இவர். ‘அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்குவதை நாம் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்?’ என்று கேட்டவர்களின் எரிச்சல் எனக்குப் புரிகிறது.

இரண்டாவது விலை. 48.5 மில்லியன் பவுண்டும், அதற்கு மேல் நிபந்தனைகள் நிறைவேறினால் தர வேண்டிய தொகையும். மூன்றாவது, ரசிகர்கள் எதிர்பார்த்தது வேறு ஆளை. இடது பக்கத்துக்கு நிகோ வில்லியம்ஸ் வருவார், ரொத்ரிகோ வருவார் என்று வாரக்கணக்கில் வதந்திகளைப் படித்துக் கனவு கண்டிருந்தார்கள். நிகோ வில்லியம்ஸ் அத்லெடிக் பில்பாவோவிலேயே 2035 வரை கையெழுத்துப் போட்டுவிட்டார். கனவு கலைந்த நேரத்தில் வந்தவர் மடுவேக்கே. நான்காவது காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வலது பக்கத்தில் சாகாவுக்கு அடுத்தபடியாக ஆட வேண்டியது எங்கள் அகாடமியில், அதாவது கிளப்பின் இளையோர் பயிற்சிப் பள்ளியில், வளர்ந்த பிள்ளை ஈதன் ந்வானேரி. அவனுடைய நிமிடங்கள் பறிபோகும் என்று பயந்தார்கள்.

சரி, அந்த எதிர்ப்பு நியாயமா?

விலையைக் கேள்வி கேட்கலாம், திட்டத்தைக் கேள்வி கேட்கலாம். டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பவர்களுக்கும் விடிய விடிய விழித்துப் பார்ப்பவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் 23 வயதுப் பையன் ஒருவன் புது வேலையில் சேரும் வாரத்தில், அவனுடைய பெயரைப் போட்டு வேண்டாம் என்று சுவரில் எழுதுவது வேறு. வாங்கியது கிளப். கோபத்தைக் கிளப்பிடம் காட்ட வேண்டும். ஆர்சனலின் பழைய நாயகன் இயன் ரைட்டும் அப்போது இந்த நடத்தையைக் கண்டித்தார். அவர் சொன்னதால்தான் பலர் நின்று யோசித்தார்கள் என்று நினைக்கிறேன்.

2023இல் ஹாவெர்ட்ஸ் வந்தபோதும் இதே பாட்டுத்தான் பாடினோம். நானும் பாடினேன். பிறகு காயத்தால் அவர் இல்லாமல் போனபோது, அவர் எவ்வளவு ஓடிக்கொண்டிருந்தார் என்று பார்த்துப் பார்த்து வருந்தினேன். அதனால் மடுவேக்கே விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

வந்தபின் அவர் எப்படி ஆடினார்?

ஆகஸ்ட் 23 அன்று லீட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் சாகா மறுபடி காயமடைந்தார். அடுத்து ஆன்ஃபீல்டில் லிவர்பூலை எதிர்கொள்ள வேண்டும். மடுவேக்கே இல்லாவிட்டால் அன்று வலது பக்கத்தில் என்ன செய்திருப்பார்கள்? அங்கே ஒரு கோலில் தோற்றோம். ஆனால் தாக்குதலில் அன்று பயமில்லாமல் ஆளை எதிர்த்து ஓடியவர் அவர்தான். செப்டம்பர் 9 அன்று இங்கிலாந்துக்காக செர்பியாவுக்கு எதிராக கோல் அடித்தார். நான்கு நாள் கழித்து நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு எதிராக மைதானமே அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் எழுந்து நின்றது. பிறகு முழங்கால் காயத்தால் சில வாரம் ஆடவில்லை. திரும்பி வந்து நவம்பர் 26 அன்று பயர்ன் மியூனிக்குக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி கோல் அடித்தார். அந்த ஆட்டம் 3-1.

வடக்கு லண்டனின் பார்னெட்டில் பிறந்தவர். சிறுவயதில் டாட்டன்ஹாம் அகாடமியில் இருந்து, 16 வயதில் வீட்டை விட்டு ஹாலந்துக்குப் போய் பி.எஸ்.வி.யில் வளர்ந்தவர். தெரியாத நாட்டில் தனியாகப் போய் நின்று பழகியவருக்கு இந்த மனுவைத் தாங்கும் நெஞ்சுரம் இருந்திருக்கிறது. ஆனால் அதைச் சோதித்துப் பார்த்தது நம் ஆட்கள்தானே, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

எஸே வந்தபோது மட்டும் ஏன் அப்படி ஒரு கொண்டாட்டம்?

எஸேயின் கதை அப்படி. கிரீனிச்சில் வளர்ந்த பையன், ஆர்சனல் ரசிகன், ஆர்சனல் அகாடமியில் ஆடியவன். 13 வயதில் போதாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பல நாள் அறையில் அடைந்து அழுததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிறகு ஃபுல்ஹாம், ரெடிங், மில்வால். அங்கெல்லாமும் நிலைக்கவில்லை. 2016இல் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் எடுத்தது. 2020இல் பேலஸ். 2021 மே மாதம் பயிற்சியில் குதிகால் தசைநாண் அறுந்தது. இங்கிலாந்து அணியின் உத்தேசப் பட்டியலில் பெயர் வந்த செய்தியும் அதே நேரத்தில்தான் அவருக்குக் கிடைத்தது. அங்கிருந்து எழுந்து வந்து, 2025 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டியை வீழ்த்திய ஒரே கோலை அடித்தார். பேலஸின் வரலாற்றில் முதல் பெரிய கோப்பை அது.

ஆகஸ்ட்டில் அவர் டாட்டன்ஹாமுக்குப் போவது ஏறக்குறைய முடிந்த விஷயம். பேச்சுவார்த்தை கடைசிக் கட்டத்தில் இருந்தது. ஆகஸ்ட் 17 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபர்ட் மைதானத்தில் ஆடிய ஹாவெர்ட்ஸுக்கு முழங்காலில் அடிபட்டது தெரிந்ததும் ஆர்சனல் உள்ளே நுழைந்தது. 20ஆம் தேதி, லண்டனில் மாலை, நமக்கு நள்ளிரவு தாண்டிய நேரம். எஸே ஆர்சனலுக்குத்தான் வருகிறார் என்று செய்தி. என் கைபேசி அன்றிரவு அடங்கவே இல்லை. பத்து வருடமாகப் பேசாமல் இருந்த கல்லூரி நண்பன் ஒருவன் ‘பாத்தியாடா’ என்று ஒரே சொல்லை அனுப்பினான். பரம வைரியின் வாசல்வரை போன ஆள் திரும்பி நம் வீட்டுக்கு வருவதென்றால் சும்மாவா? அதுவும் 14 வருடம் முன்பு நாம் வெளியே அனுப்பிய பிள்ளை.

மூன்று நாள் கழித்து லீட்ஸ் ஆட்டத்துக்கு முன் எமிரேட்ஸ் புல்வெளியில் அவரை அறிமுகப்படுத்தினார்கள். முதுகில் 10ஆம் எண். ஆட்டத்தை 5-0 என்று வென்றோம். அன்று அவர் ஆடக்கூட இல்லை, ஆனால் அந்த நாள் அவருடையது.

எஸேக்கு எதிர்ப்பே இல்லையா?

கொஞ்சம் இருந்தது. 60 மில்லியன் அடிப்படைத் தொகை, 27 வயது, திரும்ப விற்றால் போட்ட காசு வராது என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. நடுவில் கேப்டன் எதேகார்ட் இருக்கும்போது இவர் எங்கே ஆடுவார் என்ற கேள்வியும் நியாயமானதுதான்.

நவம்பர் 23க்குப் பிறகு அந்தக் குரல்கள் கேட்கவில்லை. அன்று டாட்டன்ஹாமை 4-1 என்று வென்றோம். அதில் மூன்று கோல் எஸேயுடையது. இந்த இரண்டு அணிகளும் மோதும் வடக்கு லண்டன் டெர்பியில் ஒருவர் ஹாட்ரிக் அடித்தது 1978இல் ஆலன் சண்டர்லேண்டுக்குப் பிறகு அதுதான் முதல் முறை. டாட்டன்ஹாம் ரசிகர்களுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் எனக்கே பாவமாக இருந்தது.

அதற்கு முன், அக்டோபர் 26 அன்று பழைய கிளப்பான பேலஸுக்கு எதிராக ஒரே கோலில் வென்றோம். அந்தக் கோலை அடித்ததும் எஸேதான். ஆர்சனலுக்காக லீக்கில் அவருடைய முதல் கோல் அது.

யோகெரெஸா, ஷெஷ்கோவா? அந்தச் சண்டை என்ன ஆயிற்று?

ஜூன், ஜூலை முழுக்க ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்திருந்தார்கள். ஒரு பக்கம் லைப்சிக்கின் பெஞ்சமின் ஷெஷ்கோ. இளையவர், உயரமானவர், இன்னும் வளர வேண்டியவர். இன்னொரு பக்கம் 27 வயது யோகெரெஸ். ஸ்போர்ட்டிங்குக்காக 102 ஆட்டத்தில் 97 கோல். ‘போர்ச்சுகல் லீக் கோல் எல்லாம் ஒரு கோலா?’ என்று ஒரு கூட்டம். ‘வளரும் வரை காத்திருக்க எங்களுக்கு நேரமில்லை’ என்று இன்னொரு கூட்டம். நான் இரண்டாவது கூட்டத்தில் இருந்தேன். மூன்று முறை இரண்டாவதாக வந்த அணிக்கு இப்போதே கோல் அடிப்பவர் வேண்டும் என்பது என் எண்ணம். ஷெஷ்கோ பிறகு மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார்.

பேரம் இழுத்துக்கொண்டே போனது. யோகெரெஸ் ஸ்போர்ட்டிங்கின் பயிற்சிக்கே போகவில்லை. கடைசியில் 63.5 மில்லியன் யூரோவும், மேலே 10 மில்லியன்வரை நிபந்தனைத் தொகையும் என்று முடிந்தது. ஆசியச் சுற்றுப்பயணத்தில் இருந்த அணியோடு வந்து சேர்ந்து, ஹாங்காங்கில் டாட்டன்ஹாமுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக முதன்முதலில் இறங்கினார். ஆர்சனலின் பழைய நட்சத்திரம் தியரி ஆன்ரி அணிந்த 14ஆம் எண்ணை எடுத்துக்கொண்டார்.

அவர் எதிர்பார்த்த அளவு கோல் அடிக்கவில்லையே?

அடிக்கவில்லை, உண்மைதான். ஓல்ட் டிராஃபர்டில் முதல் லீக் ஆட்டத்தில் கோலை நோக்கி ஒரு ஷாட்கூட இல்லை. அன்றிரவே ஏளனம் தொடங்கிவிட்டது. அடுத்த வாரம் லீட்ஸுக்கு எதிராக இரண்டு கோல். செப்டம்பர் 13 அன்று ஃபாரஸ்ட்டுக்கு எதிராக ஒன்று. அப்புறம் ஒரு மாதத்துக்கும் மேல் வறட்சி. அக்டோபர் 21 அன்று அத்லெடிகோ மத்ரிதை 4-0 என்று வென்றபோது இரண்டு அடித்தார். நவம்பர் 1 அன்று பர்ன்லிக்கு எதிராகத் தலையால் ஒன்று அடித்த கையோடு தசைக் காயம்.

கோல் கணக்கை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அடுத்த ஆட்டத்தில் பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். இரண்டு டிஃபெண்டர்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஓடுவார். அவர்கள் விட்ட இடத்தில்தான் மற்றவர்கள் பந்தை வாங்குகிறார்கள். இப்படிச் சொன்னாலும், ஸ்ட்ரைக்கர் என்று வந்தவர் கோல் அடிக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சுபிமெண்டியைப் பற்றி ஏன் யாரும் சத்தமே போடவில்லை?

அவர் வருவது ஜனவரியிலிருந்தே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆறு மாதம் பேசப்பட்ட செய்தி அறிவிப்பாக வரும்போது பரபரப்பு தீர்ந்துவிடும். ஆனால் என்னைக் கேட்டால் அந்தக் கோடையின் மிகச் சரியான வாங்கல் அவர்தான். 2024 யூரோ இறுதியில் ஸ்பெயினின் மிட்ஃபீல்டர் ரோட்ரிக்கு அடிபட்டதும் இடைவேளையில் இறங்கி, இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாம் பாதி முழுவதையும் நடத்தியவர். அதே கோடையில் லிவர்பூல் கேட்டபோது மறுத்துச் சொந்த ஊர் கிளப்பிலேயே தங்கினார். ஃபாரஸ்ட்டுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார். அதில் முதலாவது, கார்னரிலிருந்து வெளியே வந்த பந்தைத் தரையில் விடாமல் தூரத்திலிருந்தே அடித்தது. அதைப் பத்து முறையாவது திரும்பப் போட்டுப் பார்த்திருப்பேன்.

கெபா, நோர்கார்ட், மொஸ்கேரா, இன்காபியே?

2018இல் செல்சீ 71.6 மில்லியன் பவுண்டு கொடுத்து வாங்கியபோது கெபா உலகிலேயே விலை உயர்ந்த கோல்கீப்பர். ஆர்சனல் கொடுத்தது 5 மில்லியன். முதல் கோல்கீப்பர் ராயாவுக்கு மாற்றாக அனுபவமுள்ள ஒருவர், அவ்வளவுதான். 31 வயது நோர்கார்டும் அப்படித்தான். டிரெஸ்ஸிங் ரூமுக்கு இப்படிப்பட்டவர்கள் வேண்டும்.

மொஸ்கேரா ஆச்சரியப்படுத்தினார். விலை சுமார் 13 மில்லியன். வலென்சியாவில் ஒப்பந்தம் ஓராண்டுதான் மிச்சம் என்பதால் அந்த விலைக்குக் கிடைத்தார். ஆன்ஃபீல்டில் ஐந்தாவது நிமிடத்திலேயே டிஃபெண்டர் சலீபா வெளியேற, 21 வயதில் அங்கே இறங்கிக் கொஞ்சமும் தடுமாறாமல் நின்றார்.

இன்காபியே ஒரு தோல்விகூட இல்லாமல் 2023-24 ஜெர்மன் லீக்கை வென்ற லெவர்குசன் அணியில் ஆடியவர். பிறகு வாங்கிக்கொள்ளும் வாய்ப்போடு கெடு நாளில் லோனில் வந்தார்.

இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது?

முழுத் தொகையையும் ஒரே நாளில் கட்டுவதில்லை, தவணைதான். கணக்கில் எழுதுவதும் வேறு முறை. 60 மில்லியனுக்கு வாங்கி ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டால் ஆண்டுக்கு 12 மில்லியன் என்று பிரித்து எழுதுவார்கள். ஐந்தாண்டுக்கு மேல் பிரிக்க பிரீமியர் லீக்கில் இப்போது அனுமதியில்லை. மூன்றாண்டில் நஷ்டம் 105 மில்லியனைத் தாண்டக்கூடாது என்ற விதியும் அப்போது இருந்தது. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் தொடர்ந்து ஆடியதால் ஆர்சனலுக்கு வருமானம் கூடியிருந்தது. அதே கோடையில் லிவர்பூல் ஸ்ட்ரைக்கர் இசாக் ஒருவருக்கே 125 மில்லியன் கொடுத்தது.

அகாடமிப் பிள்ளைகளின் கதி?

எனக்கும் இதே கவலைதான். லூயிஸ்-ஸ்கெல்லியும் ந்வானேரியும் அந்தக் கோடையிலேயே புது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள், அது ஆறுதல். ஆனால் எஸேயும் மடுவேக்கேயும் வந்தபின் ந்வானேரிக்குக் கிடைத்த நிமிடங்கள் குறைந்தன. மடுவேக்கேவை எதிர்த்தவர்களின் நான்காவது காரணத்தில் உண்மை இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாக்ஸ் டௌமன் வேறு கதை. ஜூலையில் சிங்கப்பூரில் நடந்த இரண்டு நட்பு ஆட்டங்களில்தான் உலகம் அவனைக் கவனித்தது. அங்கே வேலை பார்க்கும் என் மாமா மகன் நியூகாசிலுக்கு எதிரான ஆட்டத்தை நேரில் பார்த்தான். புதுவரவுகளைப் பார்க்கப் போனவன், வீட்டுக்கு வந்து பேசியது முழுக்க டௌமன் வாங்கிக் கொடுத்த பெனால்டியைப் பற்றி. லீட்ஸுக்கு எதிராக அவன் லீக்கில் இறங்கியபோது வயது 15.

ஜெர்சியில் யார் பெயரைப் போடுவது?

இதையும் கேட்கிறார்கள். என் அக்கா மகனுக்கு 11 வயது. ஆகஸ்ட்டில் எஸே 10 வேண்டும் என்றான். பணம் சேர்ந்து ஆர்டர் போடும்போது நவம்பர் கடைசி ஆகிவிட்டது, பயர்ன் ஆட்டம் முடிந்த வாரம். டெர்பி ஹாட்ரிக்கை அவனும்தான் பார்த்திருந்தான். ‘மாமா, மடுவேக்கே 20 போடுங்க’ என்றான். ஏன்டா என்றேன். ‘எங்க கிளாஸ்ல யார்கிட்டயும் அது இல்ல’ என்றான். அதையே போட்டுவிட்டோம்.